முசுறு கடித்த கை

மாதுரிக்கு ஒரு பழக்கம். அடுப்பில் பால் பொங்கினால்கூட போட்டோ எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட வேண்டும். மட்டாஞ்சேரியில் அந்த நாலு மாடிக் கட்டிடத்தில் எல்லாருக்குமே அந்த வியாதி உண்டு. இவளுக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

அன்றைக்கு அவள் மகள் அஞ்சனா, எட்டு வயசு, பின்பக்கத்துச் சாம்பக்கா மரத்திலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கவுன் மடியில் பழம், கை முழுக்க முசுறு எறும்பு கடித்த தடிப்பு. அழவில்லை கழுதை, சிரித்தாள்.

"உச்சி வரைக்கும் ஏறினேன்மா! ஷபானா சேச்சிகூட ஏறலை. இந்தா, இது உனக்கு."

நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்து நீட்டினாள். மாதுரி அதைக் கடித்துக்கொண்டே தடித்த கையைப் போட்டோ எடுத்தாள். 'மரத்துல முசுறு கடிச்சுடுத்து, என்ன தடவலாம்?' என்று குழுவில் கேட்டாள். கேட்டது அவ்வளவுதான்.

தேங்காயெண்ணெய் என்று மருந்து சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாம்பு வரும் என்றார் ஒருவர். நாளைக்குக் குழந்தை விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார் இன்னொருவர். காரின் மேல் இலை கொட்டுகிறது என்ற பழைய கோபத்தை மூன்றாம் மாடிக்காரர் அவிழ்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மரத்தை வெட்டுவதென்று தீர்மானமே ஆகிவிட்டது. கேளுங்கள் இந்தக் கூத்தை!

மாதுரி பதறிப்போய்ச் சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, நான் மருந்துதானே கேட்டேன்? மரத்தை வெட்டணும்னு பறஞ்சேனா?"

"உன் குழந்தைக்காகத்தானேம்மா எல்லாரும் சரின்னிருக்கா. இப்போ நீயே வேண்டாம்னா நன்னாவா இருக்கும்?"

நன்றாக இருக்காது என்று மாதுரிக்கும் தோன்றித் தொலைத்தது. அத்தனை பேரிடம் முகத்தை முறித்துக்கொள்ளத் தைரியமில்லை. அப்படியே திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மரம் சாய்ந்தது. மண்ணை மூடி டைல் பதித்தார்கள். குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள், கூடவே 'நன்றி மாதுரி'. படுபாவிகள், பெயரை வேறு போட்டார்கள்!

பிள்ளைகள் நன்றி சொல்லவில்லை. பத்து வயசு ஷபானா யாரைச் சேர்க்கிறாளோ அவர்களுக்குத்தான் அங்கே ஆட்டம். அஞ்சனா கீழே இறங்கினாலே, "கோடாலி வந்தாச்சு, வாங்கடீ போலாம்" என்று மற்றவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். "அம்மாதான் குரூப்ல போட்டா, நான் இல்லை" என்று அஞ்சனா சொல்லிப் பார்த்தாள். யார் நம்பினார்கள்? மூன்று வாரம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினாள். மாதுரி ஒருநாள் ஷபானாவைக் கூப்பிட்டுச் சாக்லேட் நீட்டினாள். "வேண்டாம் ஆன்ட்டி" என்று அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. மாதுரி சாக்லேட்டோடு திரும்பி வந்தாள். யாரைத் திட்டுவது, தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டும்.

நேற்று மாலை வீட்டிலிருந்தபடியே காக்கநாட்டு ஆபீஸின் ஆன்லைன் மீட்டிங்கில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பிள்ளைகள் போட்ட கூச்சலில் யார் குரல் இருக்கிறது என்று கவனிக்கவில்லை. திடீரென்று அஞ்சனா உள்ளே ஓடிவந்து, நேரே குளியலறைக்குள் புகுந்து தாழ்போட்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மாதுரி போய்க் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

"ஒண்ணுமில்லே, நீ போ."

ரொம்ப நேரம் கழித்துத்தான் திறந்தாள். தரையெல்லாம் ரத்தம் கலந்த தண்ணீர். முழங்காலில் தோல் உரிந்து தொங்கியது. டைலில் விழுந்திருக்கிறாள். மண்ணாக இருந்திருந்தால் தட்டிவிட்டு எழுந்து ஓடியிருப்பாள்.

"ஐயோ, என் கண்ணே! எங்கே, காட்டு."

மாதுரி குனிந்தாள். கையில் போன் இருந்தது. அது எப்போதும் இருக்கும். அஞ்சனா இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் என்னைச் சேர்த்துண்டா," என்றாள். "போட்டோ எடுக்காதேம்மா."