மூன்றாவதும் நான்காவதும்

ஹினாயாவுக்கு லுஹர், அஸர், இஷா மூன்று தொழுகையிலும் எண்ணிக்கை பிழைத்துக்கொண்டே இருந்தது. சுபஹிலும் மஃரிபிலும் பிழைக்கவில்லை. ஏனென்று யோசித்துப் பார்த்தாள்.

அந்த மூன்றிலும் நான்கு ரக்அத், நின்று ஓதி, குனிந்து, ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுற்று நான்கு; இரண்டாவது முடிந்ததும் உட்கார்ந்து ஓதும் ஓர் இருப்பு உண்டு. அதுவரை வழி தெரியும். பிறகு வரும் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோலவே இருக்கும். சுபஹு இரண்டோடு முடிந்துவிடும். மஃரிபில் இருப்புக்குப் பிறகு ஒன்றுதான். தொலைந்துபோக அங்கே இடமில்லை. நான்கில் இடம் இருந்தது.

சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடுத்து, மிச்சத்தைத் தொழுது, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்க முன் இரண்டு ஸுஜூது கூடுதலாகச் செய்யவேண்டும். சட்டம் அவளுக்குத் தெரியும். ஆனால் கூட்டித் தொழும்போதே, இதுதான் கூட்டியதா, இனித்தான் கூட்டவேண்டுமா என்று அடுத்த சந்தேகம் வரும். ஒரு நாள் பின்னேரம் அஸரை மூன்று தரம் தொடங்கிவிட்டு, தொழுகைப் பாயிலேயே குந்திவிட்டாள்.

கணவர் ஜுனைது மௌத்தாகி இரண்டு மாதம். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தவள் சோனகத் தெரு வீட்டு வாசல் படலையைத் தாண்டுவதில்லை. அவருக்காகச் செய்ய அவளிடம் மிஞ்சியிருந்தது, தொழுதபின் இறைவனிடம் கேட்கும் துஆ மட்டும்தான்.

ஜுனைதின் அக்கா மர்ழியா சோற்றுப் பார்சலோடு நொண்டி நொண்டி வந்தாள்.

"என்னடி, இன்னும் அஸர் முடியேல்லையோ? மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போறாங்கள்."

"மூண்டோ நாலோ எண்டு தெரியேல்லை, மச்சி. தொழுகையே சரியில்லாட்டில் அவருக்குக் கேக்கிற துஆ எங்கை போய்ச் சேரும்?"

"உனக்குக் கணக்கு ஓடாதெண்டு உன்ரை உம்மா கலியாணத்துக்கு முதலே சொன்னவ."

ஹினாயா சிரிக்கவில்லை.

மூலையில் பிளாஸ்டிக் கதிரை இருந்தது. சீனி வருத்தத்தில் காலை வெட்டி எடுத்த பிறகு ஜுனைது பள்ளிவாசலுக்குப் போகவில்லை. நான்கு வருடம் முன்னால் அந்தக் கதிரையில் இருந்தே அவளுக்கும் சேர்த்துத் தொழுவித்தார். ஹினாயா பின்னால் நின்று தொழுதாள். மர்ழியா கதிரையைப் பார்த்தாள்.

"அப்ப நீ எண்ணினனியோ?"

"இல்லை. அவர் 'அல்லாஹு அக்பர்' எண்டு தக்பீர் சொன்னால் எழும்புவன். ஸலாம் குடுத்தால் குடுப்பன்."

"பாத்தியோ, உனக்கு மறதி இல்லை. எண்ணுற வேலை அவன்ரை."

ஹினாயாவுக்கு ஆறுதல் வரவில்லை. அதையும் அவர் கொண்டு போய்விட்டார் என்றே பட்டது.

"அப்ப எனக்கெண்டு என்ன மிச்சம், மச்சி?"

மர்ழியா சோற்றுப் பார்சலைக் கீழே வைத்தாள். கதிரையைத் தூக்கி வந்து தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க வைத்தாள். முழங்காலை முழுதாக மடக்க முடியாததால் அவள் நின்று ஓதுவாள், ஸுஜூதுக்கும் இருப்புக்கும் மட்டும் கதிரையில் இருப்பாள்.

"எனக்குப் பிழைக்காது. ஒவ்வொருக்கா எழும்பேக்கையும் இந்தக் கால் உயிரை எடுக்கும். மூண்டு தரம் உயிர் போனால் நாலு ரக்அத்து. வா."

அன்றிலிருந்து லுஹருக்கும் அஸருக்கும் இஷாவுக்கும் மர்ழியா வந்து தொழுவிக்கிறாள். ஹினாயா அவளுக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால் நிற்கிறாள். எண்ணுவதில்லை. மர்ழியா தக்பீர் சொல்லி எழும்பும்போது எழும்புகிறாள், ஸலாம் கொடுக்கும்போது கொடுக்கிறாள். நான்கும் சரியாக வருகிறது.