ஆகஸ்ட் பதினாலின் ரயில்

ஆய்வாளர் யூரிகே மண்டாகி மூன்றாவது கோப்பினை இழுத்து வைத்ததும் மழலைப் பள்ளி ஆசிரியை மெய்ஸ்கே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். முதல் இரண்டு கோப்புகளில் பயமில்லை. ஒன்று பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், இன்னொன்று கட்டட அனுமதி. மூன்றாவதுதான் தினசரிப் பாடத்திட்டம். அரையாண்டுக்கு நூற்றிருபது தாள். அதில் ஒரு தாளைக்கூட அவள் எழுதவில்லை.

உடனே சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருபத்து மூன்று மழலைகள், ஆசிரியைகள் இரண்டே பேர். மூக்கைத் துடைத்து, சண்டையை விலக்கி, சாப்பிட வைத்து அனுப்புவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஆசிரியைகளின் இணையக் குழுவில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். எந்த விளையாட்டு எந்த வயதுக்கு, அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்று மெய்ஸ்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். ஒரு நாள் யாரோ ஒரு புண்ணியவதி, "அரையாண்டு முழுசுக்கும் பாடத்திட்டம், அப்படியே அச்செடுக்கலாம்" என்று போட்டாள். கீழே நானூறு நன்றி. எங்கள் தீவின் மினஹாசா மலையில் இணையம் ஒழுங்காகக் கிடைப்பது தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான். அங்கே போய் நின்று இறக்கினாள், பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் மாற்றினாள், அச்செடுத்துவிட்டாள். எல்லோரும் செய்வதுதான்.

போன முறை ஆய்வில் தரச்சான்று கிடைக்கவில்லை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை மலைக்கு அந்தப்புறம் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் சேர்க்கச் சொல்லிவிடுவார்கள். நாலு வயதுப் பிள்ளையை எவள் அவ்வளவு தூரம் அனுப்புவாள்? கிராம்பு பறிக்கப் போகும் தாய்மார்கள் தோட்டத்துக்கே தூக்கிப்போய் ஏணிக்குக் கீழே உட்கார வைப்பார்கள். போன வருடம் அப்படி உட்கார்ந்த பிள்ளை ஒன்றின் மேல் கிளை முறிந்து விழுந்தது. அந்தத் தழும்பு வகுப்பில் இரண்டாவது வரிசையில் இருக்கிறது.

"இபு, பொரிச்ச வாழைப்பழம் ஆறிடப் போகுது. மிளகாய்ச் சம்பல் தொட்டு ஒரு துண்டு சாப்பிடுங்க" என்றாள் தலைமை ஆசிரியை டைச்சே. இபு என்றால் அம்மா. வந்ததிலிருந்து அவள் சொல்லும் நாலாவது உபசாரம் இது.

"சாப்பிடறேன். எண்ணெய்க் கையோட தாளைத் தொட்டா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு யூரிகே தாள்களைப் புரட்டினாள். சட்டென்று ஓரிடத்தில் நிறுத்தினாள். விரலை வரியின் கீழ் வைத்து உரக்கப் படித்தாள்.

"ஆகஸ்ட் பதினாலு. பிள்ளைகளை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். பெட்டிகளை எண்ணினார்கள். மகிழ்ச்சியுடன் திரும்பினார்கள்." நிமிர்ந்தாள். "என்சி மெய்ஸ்கே, இங்க ரயில் ஸ்டேஷன் எங்க இருக்கு?"

எங்கள் பக்கம் ஆசிரியைகளை என்சி என்றுதான் அழைப்போம். அந்த மரியாதையான சொல் அப்போது அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து கப்பலோ விமானமோ ஏற வேண்டும். அந்த வரியை மெய்ஸ்கே மாற்றாமல் விட்டிருந்தாள்.

"இந்த மாசம் எனக்கு இது ஒன்பதாவது பள்ளிக்கூடம்" என்றாள் யூரிகே. குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒன்பதுலயும் ஆகஸ்ட் பதினாலு பிள்ளைங்க ரயில் பாத்திருக்காங்க. அவ்வளவு பெரிய ரயில் வந்துட்டுப் போயிருக்கு, எனக்குத்தான் யாரும் சொல்லல."

வாசலில் கூட்டமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் காதில் ரயில் என்ற சொல் விழுந்துவிட்டது. ஐந்து வயது கியல் உள்ளே பாய்ந்து வந்தான்.

"நாங்க ரயில்ல போனோமே! மனாடோ டவுன் வரைக்கும்!"

"இவன் வழியில வாந்தி எடுத்தான்" என்றாள் பின்னால் வந்த ஃபிலீசியா.

"போடி, நீதான் எடுத்தே!"

டைச்சேயின் முகம் பளிச்சென்று ஆனது. "பாத்தீங்களா இபு? பிள்ளைங்க வாயில பொய் வருமா? சுதந்திர தின ஊர்வலத்துக்கு வந்த அலங்கார வண்டியா இருக்கும். இவ தாள்ல கொஞ்சம் மாத்தி எழுதிட்டா போல." சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் மெய்ஸ்கேயின் காலை மிதித்தாள். பேசாமல் இரு என்று அர்த்தம்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் வேலை. யூரிகேயின் பேனா தாளின் மேல் தயங்கி நின்றது.

"அப்படியா ராஜா?" என்றாள் யூரிகே கியலிடம். "ரயில் என்ன நிறம்?"

கியல் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு மெய்ஸ்கேயின் முகத்தைப் பார்த்தான். தெரியாத கேள்வி வந்தால் வகுப்பில் எப்படிப் பார்ப்பானோ அதே மாதிரி, என்சி சொன்னால் அப்படியே சொல்லிவிடலாம் என்ற முழு நம்பிக்கையோடு.

அந்தப் பார்வையை மெய்ஸ்கேயால் தாங்க முடியவில்லை. பிள்ளையின் வாயில் பொய்யை ஊட்டிவிட்டா பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவது?

"நிறமே இல்ல இபு. அது பெஞ்சு" என்றாள். "இந்தத் தாள் எதுவும் நான் எழுதினது இல்ல. குழுவுலேருந்து இறக்கினேன். ரயிலுக்கு எங்க போறது? அன்னிக்குப் பெஞ்சையெல்லாம் வரிசையா போட்டு நாங்களே ஓட்டினோம்."

"மெய்ஸ்கே!" என்றாள் டைச்சே.

யூரிகே கோப்பின் முதல் தாளில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். "இதுக்கு மதிப்பெண் கிடையாது" என்றாள். எல்லாம் முடிந்தது, தன் வாயாலேயே முடித்தாகிவிட்டது என்று நினைத்தாள் மெய்ஸ்கே.

"பெஞ்சு போட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. தோட்டத்தில் இருக்கும் தாய்மார்களுக்குப் பிள்ளை அழுகிறதா, தின்றதா என்று தெரிந்தாக வேண்டும். அதனால் மெய்ஸ்கே தினமும் ஒரு சின்னக் காணொளி எடுத்துப் பெற்றோர் குழுவில் போடுவாள். போனை நீட்டினாள். யூரிகே தேதி பார்த்துத் தேடினாள். ஆகஸ்ட் பதினாலு. பதினோரு பெஞ்சு. பானை மூடியைத் திருகி ஓட்டுகிறான் கியல். கிராம்பு இலைதான் பயணச்சீட்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் பெட்டிகளை எண்ணிப் பார்த்து, ஏழாவதை இரண்டு முறை எண்ணிவிட்டுச் சண்டை போட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்கள். யூரிகே அதோடு நிறுத்தவில்லை. முந்தைய நாள், அதற்கு முந்தைய நாள் என்று அரை மணி நேரம் பார்த்தாள்.

"இதையெல்லாம் ஏன் எழுதல?"

"பெஞ்சைப் போட்டு விளையாடினதைப் போய் யாராவது எழுதுவாங்களா இபு? அந்தத் தாள்ல எல்லாம் பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சு."

யூரிகே போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நாப்பது நாள் தரேன். இந்தக் காணொளிகளைப் பாத்து, நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க. மூடறதா வேணாமான்னு அன்னிக்குச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணும் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க." ஆறிப்போன வாழைப்பழத்தில் இரண்டு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியேறினாள்.

டைச்சே தட்டை எடுத்து மூடி வைத்தாள். திட்டப் போகிறாள் என்று மெய்ஸ்கே காத்திருந்தாள்.

"நூத்தி இருபது தாள். கை ஒடிஞ்சு போகும் உனக்கு" என்றாள் டைச்சே. "பாதியை நான் எழுதறேன்."

பிள்ளைகள் போன பிறகு மெய்ஸ்கே மேட்டில் ஏறினாள். பெஞ்சு ரயில் காணொளியை ஆசிரியைகளின் குழுவில் போட்டாள். கீழே தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதினாள். இறக்கிய தாளால் தான் பட்ட அவமானத்தையும் ஒளிக்காமல் எழுதினாள். இன்னொருத்தி மாட்டிக்கொள்ளக் கூடாது.

இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. யாரென்றே தெரியாத ஒருத்தி.

"அருமை என்சி! இதுக்கு எழுதி வெச்ச பாடத்திட்டம் இருந்தா அனுப்புங்களேன். பேரை மட்டும் மாத்திக்கிறேன். நாளைக்கு எங்களுக்கு ஆய்வு, கை காலெல்லாம் நடுங்குது."

மெய்ஸ்கேவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நாலு வரி திட்டி எழுதினாள். அந்த ஒருத்தியின் கடைசி வார்த்தைகளை இன்னொரு முறை படித்தாள். திட்டியதை அழித்துவிட்டு வேறொன்று எழுதி அனுப்பினாள்.

"உங்ககிட்ட எத்தனை பெஞ்சு இருக்கு?"