எறியக் கூடாத சாப்பாடு

கலீலுர் றஹ்மானுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் குசினி அவர் ஒருவருக்காகவே நடந்தது. காலையில் குரக்கன் புட்டு. பகல் தட்டில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், மற்றப் பாதியில் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறும் மீனின் நடுத்துண்டும். டொக்டர் சொன்னதை இம்மி பிசகாமல் செய்தவள் அவருடைய பெண்சாதி ஹுஸ்னியா. பக்கத்தில் வல்லாரை கிடைக்காத நாளில் அன்புவழிபுரம் வரை போய்த் தேடி வாங்கி வந்தவள் அவள்.

மனுசனுக்குச் சீனி இறங்கியது, முகம் தெளிந்தது. துறைமுகத்தடியில் வலையும் கயிறும் விற்கிற தன் கடையில் இருந்துகொண்டு, வாற போற ஆட்களுக்கெல்லாம் சாப்பாட்டைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு மருந்து என்னத்துக்கு என்று கேட்பார். நல்ல கதைதான். அவருடைய வாயைக் கட்டியது ஆர் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வீட்டில் ஆம்பிளை சாப்பிட்டு எழும்பின பிறகுதான் பொம்பிளை சாப்பிடுவாள். அவரோ கை கழுவின கையோடு கடைக்குப் போய்விடுவார். ஆராவது திடீரென்று வந்தால் குடுக்க வேணுமென்று ஒரு பானை வெள்ளைச் சோறும் தினமும் ஆக்கி வைக்கச் சொல்லியிருந்தார். ஒருத்தரும் வராவிட்டால்? சோற்றை எறியலாமா, பாவமில்லையா! ஹுஸ்னியா அதை மீன்சட்டியில் ஒட்டின ஆணத்தில், அந்தக் குழம்பின் மிச்சத்தில், பிசைந்து பகலில் தின்றாள். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து விடியத் தின்றாள். கலியாண வீடுகளிலிருந்து மஸ்கட், தொதல் என்று சீனி ஊறின இனிப்புகள் வரும். என்ர கண்ணில காட்டாதே என்பார் மனுசன். அதையும் எறியக் கூடாதே, அதுவும் அவளுடைய வயிற்றுக்குள்தான் போனது. கீரையும் மீனும் அவருக்கே காணாது, தனக்கெதற்கு என்று நினைத்துக்கொண்டாள், விசரி.

மீன் வெட்டும்போது முள்ளுக் குத்தின கால்விரல் ஆறவேயில்லை. மஞ்சள் பூசிப் பார்த்தாள், துணி சுற்றிப் பார்த்தாள். எந்த நேரமும் தாகம், எந்த நேரமும் அலுப்பு. வயசு போகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருடைய கிளினிக் நாளில் நொண்டி நொண்டிக் கூடப் போனபோதுதான் தாதி அந்தத் துணியை அவிழ்க்கச் சொன்னாள்.

விரல் கறுத்துப்போயிருந்தது. இரத்தம் பார்த்த டொக்டர், சீனி எக்கச்சக்கமாக ஏறியிருக்கு, விரலை எடுக்க வேணும், இன்னும் பிந்தினால் காலே போய்விடும், இப்பவே வார்டில் நில்லுங்கள் என்றார். பிறகு, என்ன சாப்பிடுறனீங்கள் என்று அவளைக் கேட்டார்.

அவள் வாய் திறக்க முதல் கலீலுர் றஹ்மான் பதில் சொன்னார். "எனக்கு என்ன ஆக்குறாவோ அதைத்தான் அவவும் சாப்பிடுறா, டொக்டர். ஒரே சட்டி."

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் ஹுஸ்னியாவுக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், நான் சாப்பிடுறதை இவர் ஒருநாளும் கண்டதில்லை" என்றாள்.

பின்னேரம் கட்டிலடிக்கு வந்து நின்ற மனுசன் அவளுடைய காலைப் பார்க்கவில்லை. விரலைப் பற்றி அவள் இரண்டு சொல் எதிர்பார்த்தாள். அவர் குரக்கன் மா எங்கே இருக்கு என்று கேட்டார்.

"அலுமாரியில மேல்தட்டில. பக்கத்தில மஸ்கட் பெட்டி ஒண்டு இருக்கு. அதை எறிஞ்சிருங்க."

"சாப்பாட்டை எறியிறதா?" அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "அது இருக்கட்டும் புள்ள. நீ வந்து சாப்பிடு."