உச்சத்துக்கு ஏறாத குரல்

பாடகன் மொட்டைக்கு அன்று தொண்டை ஒத்துழைக்கவில்லை. டயர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவைத்து, அவனுடைய இசைக்குழு புதிய ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கடைசிப் பாட்டில் குரல் மட்டும் பாக்கி. கிட்டார்கள் துள்ளி ஓடும். பல்லவியில் குரல் அவற்றுக்கும் மேலே ஏற வேண்டும். எழுதியவன் மொட்டைதான். உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் குரல் பிசிறடித்தது.

"இன்னொரு டேக் போலாம் மாமா."

மாமா என்றால் அக்காவின் கணவர். கடையும் அவருடையது, ஒலிப்பதிவும் அவர்தான். ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். "சுருதியை இறக்கிக்கோயேன் மச்சான். என் காதே கெஞ்சுது."

"இறக்கினா பாட்டு படுத்துடும்."

பேக்கரியில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்த டிரம்ஸ்காரன், தலையில் மாவோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

பேஸ் கிட்டாரை மடியில் வைத்திருந்த அக்காவைப் பார்த்தான் மொட்டை. "நீ பாடுறியாக்கா?"

"விளையாடாதடா. எனக்கு வரியே தெரியாது."

"பொய் சொல்லாத. பின்பாட்டுப் பாடிப் பாடி உனக்கு எல்லாம் மனப்பாடம்."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பாடினாள். பல்லவி வந்தது. குரல் அலட்டிக்கொள்ளாமல் மேலே போய் நின்றது. டிரம்ஸ்காரன் கண் விழித்து, "யாரு அது?" என்றான். யாரும் இன்னொரு டேக் கேட்கவில்லை. மொட்டைக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன.

ஆல்பம் வெளியானது. கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் அந்த ஒரு பாட்டைப் பற்றியே பேசினார்கள். 'இவங்களையே எல்லாத்தையும் பாடச் சொல்லுங்க' என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததை மொட்டை, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது படித்தான். அக்காவைப் போனில் கூப்பிட்டான்.

"அடுத்த ஆல்பத்துல பாதி நீ பாடு."

"அடுத்ததா? இதுக்கே இடுப்பு விட்டுப்போச்சுடா."

"எனக்கும்தான்."

அக்கா, "பாதியெல்லாம் வேணாம். ரெண்டு பாட்டு பாடறேன். பெரிசா எழுதித் தொலைக்காத," என்றாள்.

"சரிக்கா," என்று வைத்துவிட்டு, லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இன்னும் தேய்க்க வேண்டியிருந்தது.