கையெழுத்துக்கு வந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நெதில்கோ என் சலவைக்கூடத்துக்குள் வந்து, அப்போதுதான் மடித்து அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகளின் மேல் ஒரு காகிதத்தை வைத்தான். படகைக் கட்டாமல் விட்டுவிட்டு வந்திருப்பதாகவும், சீக்கிரம் கையெழுத்துப் போடும்படியும் சொன்னான். நான் காகிதத்தைத் தொடவில்லை. அதன் அடியில் இருக்கும் இரண்டு கட்டங்களுக்கு ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க வேண்டுமானால், முதலில் வேலைவாய்ப்பு அலுவலகம் உள்ளூரில் ஆள் தேடும். வேலையில்லாதோர் பதிவேட்டில் இருக்கிறவர்களை நம்மிடம் அனுப்பும். ஒருவரும் தேறவில்லை என்றால்தான் அனுமதி. வருகிறவன் கையில் ஒரு காகிதம் இருக்கும். ‘பொருத்தமில்லை’ என்ற கட்டத்தில் முதலாளி குறி போடலாம், ஆனால் தக்க காரணம் எழுத வேண்டும், அலுவலகம் அதை நம்பவும் வேண்டும். ‘வேலையை ஏற்க மறுத்தார்’ என்ற கட்டத்தில் குறி விழுந்தால் வந்தவன் ஆறு மாதத்துக்குப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவான், மருத்துவக் காப்பீடும் போகும். இரண்டிலும் குறி இல்லாமல் என் கையெழுத்து மட்டும் விழுந்தால் அவன் வேலையில் சேர்ந்தாயிற்று. ஆக, வருகிறவன் வேலை கேட்டு வருவதில்லை. தன்னை வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று வருகிறான். அவனே வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்று நான் காத்திருக்கிறேன். நாட்டின் தொழிலாளர் கொள்கை இப்படி இரண்டு ஆண்கள் எதிரெதிரே நின்று, யார் முதலில் வாய் திறப்பது என்று பார்ப்பதில் வந்து முடிந்திருக்கிறது.

நெதில்கோ என்னோடு பள்ளியில் படித்தவன். இருபது வருடமாகச் சட்டப்படி வேலையில்லாதவன், வாரத்தில் ஆறு நாள் மீன் விற்கிறவன்.

"நாளைக்கே வேலையில சேருடா" என்றேன்.

"என்ன யெர்கோ, மிரட்டுறியா? நான் நிஜமாவே சேந்துட்டா என்ன பண்ணுவ?"

கடைசியில், சூட்டில் நிற்கக்கூடாது என்று தீவு மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி வருவதாக அவனே வழி சொன்னான். மத்தியானத்துக்குள் வாங்கியும் வந்தான். முதுகு, மூட்டு, இரத்த அழுத்தம் என்று ஒரு ஆஸ்பத்திரிக்குப் போதுமான நோய்கள் அதில் இருந்தன. போகும்போது, முதுகில் போட்டுக்கொண்டு வந்திருந்த கூடையிலிருந்து ஒரு டஜன் மத்தி மீனை எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

இவ்வளவும் ஒரு புனிதரின் திருநாளால் வந்தது. என்னிடம் நான்கு வருடமாக வேலை செய்யும் மன்மாயா நேபாளத்துக்காரி. அவளுடைய அனுமதியைப் புதுப்பிக்கக் கடைசி நாள் மே ஏழு. மே ஏழுதான், எங்கள் தீவுக்கு எதிரே அலுவலகம் இருக்கிற மறுகரை நகரத்துப் புனிதரின் திருநாள். அன்றைக்கு அந்த நகரத்தில் மருந்துக்கடைகூடத் திறக்காது. நானும் கப்பலேறிப் போனேன், ஊர்வலம் பார்த்தேன், பொரித்த பலகாரம் தின்றேன், அலுவலகம் மூடியிருந்ததால் நிம்மதியாகத் திரும்பினேன். இந்தக் கரையில் பிறந்த எவனும் இதைத்தான் செய்திருப்பான். எட்டாம் தேதி போய் நின்றால், நேற்றோடு முடிந்தது என்றாள் அங்கிருந்த பெண். நேற்று மூடியிருந்தீர்களே என்றேன். இணையத்தில் திறந்துதான் இருந்தோம் என்றாள். புனிதர் இணையத்துக்கு விடுமுறை கொடுக்கவில்லையாம். இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முதலில் உள்ளூர் ஆள் தேட வேண்டும். மன்மாயாவின் பழைய அனுமதி ஜூன் மூன்றாம் தேதி முடிகிறது. அதற்குள் புதியது வராவிட்டால் அவள் விமானம் ஏற வேண்டும். ஜூன் ஐந்தாம் தேதி பெரிய ஓட்டல் நிரம்புகிறது. ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு.

மன்மாயாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காகிதத்தோடு வந்து போகிறவர்கள் யார் என்று கேட்டபோது, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சரிபார்க்கிறவர்கள் என்றேன். அவள் ஊரான போக்கராவில் மகள் செவிலியர் படிப்பில் முதல் வருடம். ஒவ்வொரு இரவும் அவளுக்கு நான் கொடுத்திருக்கும் மாடியறையிலிருந்து அந்தப் பெண்ணோடு பேசும் சத்தம் எனக்குக் கேட்கும். பயமுறுத்துவானேன் என்று விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பயந்த ஆள் விரிப்பைக் கோணலாக மடிக்கும், அதுதான் என் கவலை.

அலுவலகம் அனுப்பிய நான்கு பேரில் இரண்டு பேர் எட்டியே பார்க்கவில்லை. நெதில்கோ நோயாளியானான். நாலாவது ஆள் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டும். எட்டே முக்காலுக்கு வாசலில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்து வெள்ளை வேலைச் செருப்பை எடுத்து, வாசலிலேயே மாற்றிக்கொண்டாள். கையெழுத்துக்கு வருகிறவர்கள் செருப்பு கொண்டு வருவதில்லை.

தோன்கா என்று பெயர் சொன்னாள். பக்கத்து ஊர். அந்தப் பெரிய ஓட்டலின் சொந்தச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் இருந்தாளாம். அந்தக் கூடத்தை மூடி வேலையை வெளியே கொடுத்தார்கள். கொடுத்தது என்னிடம்தான். இதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் பயமுறுத்திப் பார்த்தேன். சூடு நாற்பதைத் தாண்டும் என்றேன். ஈர மூட்டை ஒன்று முப்பது கிலோ என்றேன். சீசனில் ஞாயிறு கிடையாது, ராத்திரி எட்டுவரை ஆகும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தாள். போன இலையுதிர்காலத்தில் வணிகர் சங்க விருந்தில் நான் மைக் பிடித்துப் பேசியது, தொந்தியோடு கூடிய படம். ‘நம் மண்ணின் பெண்களுக்கு என் கதவு எப்போதும் திறந்திருக்கும்.’ அன்றைக்கு நல்ல ஒயின், மேயர் வேறு முன்வரிசையில் இருந்தார்.

"திறந்துதான் இருந்துச்சு" என்றாள் தோன்கா. "நான் தட்டவே இல்ல."

பிறகு கூடத்தின் மறுகோடியில் வேலையாக இருந்த மன்மாயாவைப் பார்த்தாள். "அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமை கிடையாதா?"

நான் இருமினேன்.

"எட்டு மணி வரைக்கும் நிக்கறதும் ஒப்பந்தத்துல இருக்கா? நான் நிப்பேன். ஆனா எழுதிக் குடுக்கணும்."

அந்த நொடியில்தான் ஒரு வாரமாக நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே புரிந்தது. ஆள் கிடைக்காமல் போய்விடுமோ என்று அல்ல. கிடைத்துவிடுமோ என்று. வேலை முடிந்ததும் போவதற்குச் சொந்த வீடு இருக்கிற ஆள், ஒப்பந்தத்தைப் படிக்கிற ஆள், என்னைப் பிடிக்காவிட்டால் இந்த நாட்டை விட்டுப் போகத் தேவையில்லாத ஆள். மன்மாயாவிடம் எனக்குப் பிடித்தது அவள் சுறுசுறுப்பு என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

கூடத்துக்கு வெளியே போய் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒரு இடம் கேட்டிருக்கிறீர்கள், அது நிரம்பினால் விண்ணப்பம் முடிந்தது என்றது குரல். இரண்டாவது இடத்துக்குப் புதிதாக எழுதுங்கள், முப்பது நாள் ஆகும். முப்பது நாளில் மன்மாயா எங்கே இருப்பாள் என்று நான் கேட்கவில்லை. காரணமில்லாமல் ‘பொருத்தமில்லை’ போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். பத்தொன்பது வருட அனுபவம் இருக்கிற ஆளையா என்று குரல் திருப்பிக் கேட்டது. சோதனைக்கு வருவோம், வந்தால் எல்லாவற்றையும் பார்ப்போம், வேலை நேரப் பதிவேடு உட்பட என்றது. என்னிடம் இருப்பது அழகான பதிவேடு. தினமும் மூன்று மணியோடு வேலை முடிகிறது அதில்.

திரும்பி வந்தபோது தோன்கா நான் விட்டுப்போன இடத்தில் இல்லை. இஸ்திரி உருளையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பெரிய விரிப்பை உருளைக்குக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். மன்மாயா ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனைக்கு ஓடி, தனியாகவே சமாளிக்கப் பழகியிருந்தாள். தோன்கா மறுமுனையை எடுத்துக்கொண்டிருந்தாள், யாரும் கேட்காமல். இருவரும் ஒரே நேரத்தில் விரிப்பை உதறினார்கள். துணி காற்றில் சடாரென்று விறைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் உருளைக்குள் போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. விளிம்பை உள்ளங்கையால் இழுத்துவிடும் ஒரு வித்தையைத் தோன்கா செய்து காட்ட, மன்மாயா திருப்பிச் செய்து காட்டினாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. நான்கு வருடம் சாப்பாட்டு வேளையில்கூடத் தனியாக உட்கார்ந்தவள்.

இருபது விரிப்பு முடிந்ததும் மன்மாயா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எங்கள் மொழியை அவள் பேசினால் சொற்கள் குறைவு, தடுமாற்றம் இருக்காது.

"முதலாளி, இந்த அக்கா நல்லா செய்யறாங்க. எடுத்துக்கோங்க. நாங்க ரெண்டு பேரும்னா ஆறு மணிக்கு முடிஞ்சுரும்."

உருளை சும்மா சுழன்றுகொண்டிருந்தது. தோன்கா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்த பிறகும் மன்மாயா சிரித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

"இவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மெல்ல.

நான் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் துழாவினேன்.

"நீங்க சொல்லவே இல்லையா?"

மன்மாயா எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் அதைப் பிடித்து வைத்திருந்தாள். தோன்காவை ஓரமாகக் கூப்பிட்டு, ‘மறுத்தார்’ என்ற கட்டத்தில் அவளே குறி போட்டால் என்ன என்று நான் முணுமுணுத்தேன். அடுத்த சீசனில் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மேயரிடம் சொல்கிறேன் என்றுகூட ஏதோ சொன்னேன். தோன்காவின் உதடு வெளுத்துவிட்டது. ஆறு மாதம் பதிவேட்டில் இல்லாவிட்டால் அவள் புருஷனின் மருந்துக்கும் சேர்த்துத்தான் காப்பீடு போகும் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவள் சொன்னது வேறு.

"நான் வேண்டாம்னு எழுத மாட்டேன், யெர்கோ. எனக்கு இந்த வேலை வேணும். நீங்க எந்தக் கட்டத்துல வேணும்னாலும் போடுங்க. ஆனா இவங்க எதிர்லயே போடுங்க."

காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். வெளியே ஓட்டல் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தான், மறுபடி அடித்தான்.

மேஜையில் ஈரம் இருந்தது. காகிதத்தின் ஓரம் நனையத் தொடங்கியது. மன்மாயா சட்டென்று அதைத் தூக்கி, தன் மேலங்கியால் மேஜையைத் துடைத்தாள், ஒரு தடவை, அப்புறம் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. காகிதத்தை எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள். மின்விசிறியில் அது படபடத்தது. இரண்டு மூலைகளிலும் விரல்களை ஊன்றி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுங்க முதலாளி" என்றாள்.

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். சூட்டில் சிவந்த அவள் விரல்கள், இரண்டு கட்டங்களுக்கும் இரண்டு பக்கமும், அசையாமல் இருந்தன.