பொங்கல் சீரில் வந்த கார்

மொரப்பூரிலிருந்து பொங்கல் சீர் கொண்டுவந்த சம்பந்தி முனியப்பன், கரும்போடும் வெல்லத்தோடும் ஒரு வீடியோ கேம் பெட்டியையும் இறக்கினார். மகளுக்குப் பிடிக்குமாம். புதுச்சாமான் என்று பெட்டிக்கும் கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கும் அவரே சந்தனம் வைத்தார்.

அவர் மகளும் என் மருமகளுமான எழிலரசி வயர்களை டிவியில் செருகினாள். திரையில் கார் வந்தது. எதை அழுத்தினாலும் பின்னாலேயே போனது.

"டிவி பழசுங்க சம்பந்தி," என்றார் முனியப்பன்.

எங்கள் வீட்டுப் பொருளை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. "டிவி நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க காருதான் மொரப்பூருக்கே திரும்பப் பாக்குது," என்றேன்.

எழிலரசி பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். வயரை மாற்றிச் செருகினாள். கடைசியில் ரிமோட்டை என்னிடம் காட்டினாள். பின்னால் போகும் பட்டன்மேல் வைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டனை அழுத்தியபடியே பிடித்திருந்தது.

சீர் கொண்டுவந்தவர் என் வீட்டில் தலைகுனியக் கூடாது. "நீங்க சொன்னது சரிதானுங்க. டிவி பழசுதான்," என்றேன்.

"மாமா பொய் சொல்றாருப்பா. எல்லாம் நீ வெச்ச பொட்டு," என்றாள் எழிலரசி.

முனியப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஈரத்துணியால் துடைத்ததும் கார் முன்னால் பாய்ந்தது.

முனியப்பன் சந்தனக் கிண்ணத்தோடு டிவியை நெருங்கினார். "உன்னத் தப்பா பேசிட்டேன், சாமி."

"பட்டன் இல்லாத எடமாப் பாத்து வைங்க சம்பந்தி," என்றேன்.