ஃபிரேமுக்குள் மாட்டிய திமிங்கிலம்

தங்கை வரைந்த திமிங்கிலம் திரையில் உறைந்து நின்றது. வாலுக்கு இன்னும் நிழல் போடவில்லை. அதைவிட மோசம், காலையிலிருந்து வரைந்ததை அவள் ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் படம் அச்சகம் போய்ச் சேராவிட்டால், அவளுடைய முதல் புத்தகத்துக்கு வேறு யாரோ அட்டை வரைவார்கள்.

"நீயே ஒரு வழி சொல்லு, விஞ்ஞானி அக்கா," என்றாள்.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் சர்வர் என்ற புரோகிராமை எழுதியவள் அக்காதான். சோதித்துப் பார்க்கத் தங்கையின் மேசைக் கணினியிலேயே ஓடவிட்டவளும் அவள்தான். ஒவ்வொரு புரோகிராமும் சர்வரோடு ஓர் இணைப்பு வைத்துக்கொண்டு, ஜன்னலும் நிறமும் எழுத்துருவும் கேட்டு வாங்கும். எல்லா ஜன்னல்களையும் சுற்றி ஃபிரேம் மாட்டுவதற்கென்றே ஒரு புரோகிராம் உண்டு. இப்போது மக்கர் செய்தது அதுதான். மௌஸையும் கீபோர்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றது.

அதைக் கொன்றால் இணைப்பு அறும், பிடி விடும். ஆனால் இணைப்பு அறுந்ததும் சர்வர் அதன் உடைமைகளையெல்லாம் துடைத்துவிடும்; ஃபிரேம் அழிந்தால் உள்ளே இருக்கும் ஜன்னலும் அழியும். ஃபிரேமுக்குள் இருக்கும் அடுத்தவர் ஜன்னலை முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று விதி எழுதிய நினைவு அக்காவுக்கு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மடிக்கணினியில் அந்த இடத்தைத் திறந்தாள். துடைப்பதை முதலில் எழுதி, காப்பாற்றுவதை அதற்குக் கீழே எழுதியிருந்தாள். வீட்டை இடித்துவிட்டுச் சாமான் எடுக்கப் போகிறவள் மாதிரி.

விஷயத்தைச் சொன்னதும் தங்கை திட்டவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். திட்டியிருக்கலாம்.

சர்வருக்கு இன்னும் மூச்சு இருந்தது. புதிதாக இணைய வரும் புரோகிராம்களை அது உள்ளே விடும். அக்கா மடிக்கணினியில் நாலு வரி எழுதி, இன்னொரு விருந்தாளியாக அதனுடன் இணைந்தாள். திமிங்கிலத்தின் ஜன்னலை ஃபிரேமிலிருந்து எடுத்து வெறும் திரையில் வைக்கச் சொன்னாள்.

படம் ஒரு கணம் மறைந்தது. தங்கை அவள் தோளைக் கவ்விப் பிடித்தாள். திமிங்கிலம் ஃபிரேம் இல்லாமல் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் அக்கா ஃபிரேம் மாட்டும் அந்தப் புரோகிராமைக் கொன்றாள்.

சர்வர் செய்வதெல்லாம் மடிக்கணினியில் வரிவரியாக ஓடியது. செத்தவனின் நிறங்களைத் திருப்பி வாங்கியது. எழுத்துருக்களை விட்டது. ஃபிரேம் ஃபிரேமாகப் போனது. மூலையிலிருந்த கடிகாரம் தன் ஃபிரேமோடு சேர்ந்து அழிந்தது. அவளுடைய தப்பு அங்கே தன் வேலையைக் காட்டியது. திமிங்கிலம் இருந்த ஃபிரேமுக்கும் வந்தது. உள்ளே யாரும் இல்லை. வெறும் ஃபிரேமைத் துடைத்துவிட்டு நகர்ந்தது. யார்மீதும் கோபமில்லாமல், ஒரு பொட்டு நினைவகத்தைக்கூட விட்டுவைக்காமல், ஃபிரேமுக்கு வெளியே இருந்த எதையும் தொடாமல். இதை நாமா எழுதினோம் என்று அவளுக்குப் புல்லரித்தது.

மௌஸ் அசைந்தது. தங்கை திரையில் தூரிகையை எடுக்கப் போனாள்.

"முதல்ல சேமிச்சுத் தொலைடி," என்றாள் அக்கா.

தங்கை சேமித்தாள். பிறகும் இருவரும் வாலைத் தொடவில்லை. கரையில்லாத அந்தக் கருநீலத் திரையில் திமிங்கிலம் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.